சேறு நீங்கிய சுனை

"சுனையில சேறு இருக்குது, சாமி," என்றார் மாசிலாமணி.

கரிச்சாமி பல் குத்திக்கொண்டிருந்தார்.

"கையை விட்டா முழங்கை வரைக்கும் கருப்பு. இலை அழுகிக் கிடக்குது. மத்தியானம் ஆனா அடியிலிருந்து குமிழி குமிழியா வருது. இந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறோம். இதைப் பார்த்துத்தான் தியானம் பண்றோம். தெளிவு எங்கிருந்து வரும்?"

கரிச்சாமி ஈர்க்கைத் தூர எறிந்தார்.

மடம் என்று பெயர்தான். ஒரு கூரை, ஒரு சமையல்கட்டு, மேட்டில் ஒரு மாட்டுத்தொழுவம், சரிவில் ஒரு சுனை. மலையடிவாரத்து மணற்பூமி. அந்த மண்ணில் முள்கூட யோசித்துத்தான் முளைக்கும். சுனை மட்டும் வற்றாது. மேட்டில் இறங்கிய நீர் மணலுக்குள்ளேயே நடந்து வந்து, சுனையின் அடிச்சேற்றைத் துளைத்துக்கொண்டு மேலே வரும்.

குருவுக்குச் சீடர்கள் இரண்டு பேர்.

ஒருவர் மாசிலாமணி. கோயில் ஒன்றில் மணியம் பார்த்து ஓய்ந்தவர், மனைவி போன பிறகு இங்கே வந்தவர். பெயரைப் பெற்றவர்கள் வைத்தார்கள், மீதியை அவரே பார்த்துக்கொண்டார். வேட்டியில் கறை கிடையாது. பேச்சில் கறை கிடையாது. மனத்தில் மட்டும் ஏதோ படிந்திருப்பதாக ஒரு சந்தேகம்.

இன்னொருவன் பொன்னுரங்கம். சமைக்க வந்தவன், போக மறந்தவன்.

குரு, மாசிலாமணியைவிட இளையவர். அதனால் சீடரைப் 'பெரியவரே' என்றுதான் கூப்பிடுவார். முன்பு என்ன தொழில் செய்தார் என்று யாருக்கும் தெரியாது. உள்ளங்கை ரேகைகளில் எவ்வளவு கழுவினாலும் போகாத கரி இருந்தது. பெயர் அதனால் வந்தது.

அவருக்குப் பேச்சு குறைவு. யாராவது கேள்வி கேட்டால் விரலை நீட்டுவார், அல்லது எழுந்து போவார், அல்லது தூங்கிவிடுவார். மூன்றுக்கும் அர்த்தம் உண்டு என்பது மாசிலாமணியின் நம்பிக்கை. மூன்றாவதற்கு மட்டும் கிடையாது என்பது பொன்னுரங்கத்தின் கட்சி.

அன்று எழுந்து போனார்.

சுனைக்குள் முழங்கால் வரை இறங்கினார். குனிந்து ஒரு கை சேறு அள்ளினார். கரையேறி வந்து அதை மாசிலாமணியின் உள்ளங்கையில் வைத்தார். ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாக மடக்கினார். மடங்கிய கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்தி ஒருமுறை அழுத்தினார்.

பிறகு மூட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வருஷா வருஷம் அப்படித்தான். வெயில் ஏறத் தொடங்கினால் ஊர் சுற்றப் போவார். மழை ஓய்ந்தால் வருவார்.

மாசிலாமணி விரல் இடுக்கில் வழியும் சேற்றோடு நின்றார்.

*

அன்று மாலை இரண்டு பேரும் அந்தச் சைகைக்கு உரை காண உட்கார்ந்தார்கள்.

பதவுரை சுலபம். சேறு, கை, மூடல். பொழிப்புரையில்தான் தகராறு.

"கையைக் கழுவிக்கோன்னு சொல்றார்," என்றான் பொன்னுரங்கம்.

"கழுவச் சொல்றவர் எதுக்கு விரலை மடக்கணும்?"

"வேட்டியில விழுந்திடக் கூடாதேன்னு. உங்க குணம் அவருக்குத் தெரியாதா?"

"உன் புத்திக்குப் பாத்திரம் கழுவறதுதான் தெரியும்."

"அதாவது தெரியுதே."

மாசிலாமணி கண்ணை மூடி யோசித்தார். "என் கையில குடுத்தார். அப்படின்னா இது என் கை வேலை. ஆள் வெச்சுச் செய்யாதே, உன் கையால எடுன்னு அர்த்தம்."

"விரலை மடக்கினது?"

"பிடியை விடாதே. அடிவரைக்கும் எடு."

"ரெண்டு கையால அழுத்தினது?"

"ஆசீர்வாதம்."

பொன்னுரங்கம் ஒப்புக்கொண்டான். உரை முழுமையாக இருந்தது. விடுபட்ட சைகை ஒன்றுமில்லை, இடறுகிற இடமும் இல்லை. உலகத்தில் ஆபத்தான உரைகள் எல்லாமே அப்படிப்பட்டவைதான்.

*

அந்தக் கோடை முழுக்க மாசிலாமணி சேறு எடுத்தார்.

நீரை இறைத்து வெளியே விட்டார். கூடை கூடையாக அள்ளித் தலையில் சுமந்து, கீரைப் பாத்தியில் கொட்டிப் பரப்பினார். மேலே வெறும் கருப்பு. கீழே போகப் போக முட்டை அழுகின நாற்றம். அதற்கும் கீழே வெள்ளை மணல். அந்த மணலைக் கண்டதும் அவர் கண் கலங்கியது. மணலையும் அலசிப் போட்டார்.

சுனையின் மேல் கவிந்திருந்த நாவல் மரத்தின் கிளைகளை வெட்டினார். அதையும் மீறிக் காற்றில் வந்து விழும் இலைகளை, விடிந்ததும் ஒரு வலையால் எடுத்துவிடுவார்.

நீர் மறுபடி ஊறி நிறைந்தது. அடியில் ஒரு கடுகு கிடந்தாலும் தெரிந்தது.

குமிழி வருவதும் நின்றுபோனது.

அதைப் பார்த்தபடி மாசிலாமணி பல பொழுது உட்கார்ந்திருந்தார். அசைவில்லை, நிறமில்லை, வாசனையில்லை. மனம் இப்படி ஆகிவிட்டால் போதும் என்று நினைத்தார்.

சேறு கொட்டிய பாத்தியில் கீரை ஆள் உயரம் வளர்ந்தது. பொன்னுரங்கம் கடைந்து கடைந்து சலித்துப்போனான். சுற்று வட்டாரத்தில் செய்தி பரவியது. கண்ணாடிச் சுனை என்று ஊர் பெயர் வைத்தது. ஜனங்கள் செம்பு கொண்டுவந்து மொண்டு போனார்கள். யார் கால் வைத்தால் கலங்கும், யார் வைத்தால் கலங்காது என்று மாசிலாமணி ஒரு கணக்கு வைத்திருந்தார். சரிவுக்குக் கீழே குட்டையோரம் கூடை முடைந்து பன்றி வளர்க்கும் ஜனங்கள் ஒருநாள் குடங்களோடு வந்தார்கள். அவர்களைப் பாதி வழியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.

*

சிலம்பாயி வந்தது அந்தச் சமயத்தில்தான்.

கணவன் தேன் எடுக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்து செத்தவன். நிறைமாத வயிற்றோடு நடந்து வந்தாள். மடத்துச் சமையல்கட்டில் ஓர் ஓரம் கொடுத்தார்கள். இரட்டைப் பிள்ளை பிறந்தது, இரண்டும் ஆண். மூத்தவன் குண்டு. இளையவன் நோஞ்சான்.

ஒருநாள் சொன்னாள். "எனக்கு ஒருத்தனுக்குத்தான் பால் ஊறுது, அய்யா."

"இளையவனுக்குக் குடு, தாயி," என்றார் மாசிலாமணி. "அவன்தான் சோனி. மூத்தவனை நாங்க பார்த்துக்கறோம்."

"பார்த்துக்குவீங்களா?"

"நான் பார்த்துக்கறேன்."

தொழுவத்துப் பசும்பால் ஒரு பங்கு, சுனைத் தண்ணீர் இரண்டு பங்கு. கைக்குழந்தைக்குப் பசும்பால் அப்படித்தான் கொடுக்க வேண்டும், கெட்டியாகக் கொடுத்தால் செரிக்காது. தண்ணீரை மாசிலாமணி தானே காய்ச்சினார். கொதித்தவுடன் இறக்கிவிட மாட்டார். பாதியாகச் சுண்டும் வரை அடுப்பில் விட்டார், சுத்தம் அல்லவா. ஆற வைத்து, துணியில் வடிகட்டி, பாலில் கலந்து, மூக்கு வைத்த பாலாடையால் துளித் துளியாகப் புகட்டினார்.

மூத்தவன் அவர் மடியில் மூத்திரம் போனான். மாசிலாமணி வேட்டி மாற்றப் போகவில்லை. அப்படியே உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி," என்றான் பொன்னுரங்கம், "கறை."

"போடா."

*

மூத்தவனின் உதடு முதலில் மாறியது. நாவல்பழம் தின்றதுபோல.

பிறகு நகம். பிறகு காது மடல். அழுவதை நிறுத்தினான். மூச்சு மட்டும் வேகமாக வாங்கினான்.

கீழூரிலிருந்து வைத்தியர் வந்தார். குதிகாலில் ஊசியால் குத்தினார். ரத்தம் சிவப்பாக வரவில்லை, கருப்பட்டிப் பாகுபோல வந்தது.

"ரத்தம் கெட்டுக் கிடக்குது," என்றார் வைத்தியர். "பாலைக் குறைச்சு, சுத்தமான தண்ணியை அதிகமாக் குடுங்க. அதுக்கு நீங்க எங்கேயும் அலைய வேண்டாம். இந்த ஜில்லாவிலேயே உங்க சுனை மாதிரி தண்ணி கிடையாது."

மாசிலாமணி அதிகமாகக் கொடுத்தார்.

இரண்டு நாளில் மூத்தவன் இறந்தான்.

கீரைப் பாத்திக்கு அந்தப் பக்கம் குழி வெட்டினார்கள். சிலம்பாயி அழவில்லை. இளையவனை மார்போடு இறுக்கிக்கொண்டு நின்றாள். அன்றைக்கே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சலில் நினைவு தப்பியது. பால் வற்றியது.

இளையவன் பாலாடைக்கு வந்தான்.

மாசிலாமணி இந்த முறை எதிலும் குறை வைக்கக் கூடாது என்று தீர்மானித்தார். தண்ணீரைக் கால்வாசியாகச் சுண்டக் காய்ச்சினார். துணியை நாலாக மடித்து வடித்தார். பாலாடையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் போட்டு எடுத்தார்.

இளையவனின் நகக்கண்ணில் ஒரு விடியற்காலை நீலம் தெரிந்தது.

மாசிலாமணி அடுப்பில் இன்னும் கொஞ்சம் விறகு வைத்தார்.

*

கரிச்சாமி மழை ஓய்ந்து திரும்பி வந்தார்.

சுனைக்கரையில் நின்றார். எல்லோரையும்போல அவரும் ஒரு வார்த்தை புகழ்வார் என்று பொன்னுரங்கம் எதிர்பார்த்தான்.

"சேறு எங்கே?" என்றார்.

"எடுத்துட்டேன், சாமி," என்றார் மாசிலாமணி. "நீங்க சொன்னபடியே. என் கையால."

கரிச்சாமி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு உரை எழுத யாருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை. உள்ளே குழந்தை முனகியது.

உள்ளே போனார். உதட்டைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். பாலாடையில் இருந்ததை முகர்ந்தார். பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்த தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். துப்பினார்.

"பச்சைப் பிள்ளை வெச்சிருக்கிற பொம்பளை பக்கத்துல யாரு?"

அவர் வாயிலிருந்து இவ்வளவு நீளமாக ஒரு வாக்கியம் வந்து பொன்னுரங்கம் கேட்டதில்லை. "குட்டையோரம் குஞ்சம்மான்னு ஒருத்தி. போன மாசம் பெத்தா."

"பிள்ளையைத் தூக்கிட்டு ஓடுங்க, பெரியவரே."

"சாமி, அந்தக் குட்டையா? பன்னி புரளுற..."

"ஓடுங்க."

*

மாசிலாமணி ஓடினார். அந்த வயசில் அது ஓட்டம் இல்லை, விழாமல் இறங்குவது.

குட்டை கருப்பாக இருந்தது. பாதி நீர், பாதி இலை. கரையில் எருமை ஒன்று கிடந்தது. நடுவில் குமிழிகள் வந்து வந்து உடைந்துகொண்டிருந்தன. மேட்டில் மடத்துத் தொழுவத்தின் அடியில் இறங்கும் நீர், சுனையைக் கடந்து கடைசியாக வந்து சேருவதும் இங்கேதான்.

குஞ்சம்மா குடிசை வாசலில் மூங்கில் பிளந்துகொண்டிருந்தாள். பக்கத்துத் தூளியில் அவள் பிள்ளை கத்திக் கத்திச் சிவந்திருந்தது.

"யாரு வர்றது, மடத்துச் சாமியா? கால்ல சேறு ஒட்டுமே."

"குழந்தைக்குப் பால் வேணும், தாயி."

"உங்க தொழுவத்துல இல்லாத பாலா?"

மாசிலாமணி துணியை விலக்கினார். அவள் குழந்தையைப் பார்த்தாள். அரிவாளைக் கீழே வைத்தாள்.

"எங்க குட்டைத் தண்ணியைக் குடிச்சு ஊறுன பாலு. உங்களுக்கு ஆகுமா?"

"ஆகும்."

"குடத்தைத் தூக்கிட்டு நாங்க வந்தப்ப ஆகலையே."

மாசிலாமணி குனிந்து குழந்தையை அவள் முன்னால் தரையில் வைக்கப் போனார்.

"சரி, குடுங்க. கையிலேர்ந்து கைக்குக் குடுங்க, கீழே வெச்சு எடுக்க இது என்ன கீரைக்கட்டா? அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

திரும்பி நின்றார். வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, சப்பும் ஓசை.

அந்தக் குட்டையை அமுதம் என்று சொல்லிவிட வேண்டாம். அங்கேயும் பிள்ளைகள் செத்தன. வயிற்றுப்போக்கில் செத்தன, காய்ச்சலில் செத்தன. குஞ்சம்மாவே ஒன்றைப் புதைத்தவள். ஆனால் நீலம் பாய்ந்து அங்கே ஒன்றும் சாகவில்லை.

"ராத்திரிக்கும் இங்கேயே இருக்கட்டும்," என்றாள். "நீங்க போங்க. நின்னுட்டிருந்தா பால் ஊறாது."

*

மடத்தில் பெரிய அண்டா அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

கரிச்சாமி சுனை நீரைச் சாம்பலில் ஊற்றி வடித்து, வடித்ததைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். மாசிலாமணி ஒன்றும் கேட்காமல் எதிரே உட்கார்ந்தார். அண்டா நீர் குடத்தளவாயிற்று. குடம் செம்பாயிற்று. செம்பு கையளவாயிற்று. கடைசியில் அடியில் கொஞ்சம் கலங்கல் நின்றது.

கரிச்சாமி பருத்தி நூல் ஒன்றை எடுத்து அதில் முக்கினார். அடுப்படியில் காட்டி உலர்த்தினார்.

முக்காத நூல் ஒன்றை முதலில் தணலில் வைத்தார். கருகியது, புகைந்தது, அணைந்தது.

முக்கி எடுத்த நூலை வைத்தார்.

சீறியது. பொறி பறக்க, நெருப்பு நூலோடு ஓடியது. அவர் விரல் நுனிக்கு வந்து நின்றது. அவர் விரலை எடுக்கவில்லை.

மாசிலாமணி கோயிலில் இருந்தவர். திருவிழாவில் வாணத்தின் திரி இப்படி ஓடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார்.

"வெடியுப்பு," என்றார்.

"ம்."

"சுனையிலயா?"

"தொழுவத்துல." கரிச்சாமி விரலைத் தரையில் தேய்த்தார். "நான் வாணம் கட்டினவன், பெரியவரே. எங்க தெருவே வெடியுப்புத் தெரு. பழைய தொழுவத்து மண்ணைச் சுரண்டி, சாம்பல் சேர்த்து, காய்ச்சி எடுப்போம். மாட்டு மூத்திரம் மணல்ல இறங்கினா, மண்ணுக்குள்ள இருக்கிற ஒரு கூட்டம் அதை உப்பாக்கிடும். கண்ணுக்குத் தெரியாத கூட்டம்."

"அந்த உப்பு எப்பவும் இறங்கிட்டுத்தானே இருந்திருக்கும்? தொழுவம் நான் வர்றதுக்கு முன்னாலிருந்தே இருக்குதே."

"இருந்தது. சேறும் இருந்தது."

கரிச்சாமி தணலைக் கிளறினார்.

"எங்க ஊர்ல மழை தேங்கி, இலை விழுந்து அழுகினா உப்பு மண்ணுல உப்பு காணாமப் போயிடும். திருடன்தான்னு நெனச்சுக் காவல் போட்டாங்க. காவல்காரன் கண் முன்னாலயே காணாமப் போச்சு. அவனையும் மாத்தினாங்க. அப்புறம்தான் புரிஞ்சது. காத்து நுழையாத சேத்துக்குள்ள இன்னொரு கூட்டம் இருக்குது. அது அழுகின இலையைத் தின்னும். தின்னும்போது மூச்சு வாங்கக் காத்து கிடையாது. அதனால இந்த உப்பைப் பிடிச்சு மூச்சா வாங்கும். வெறும் காத்தா மேல விடும்."

"குமிழி," என்றார் மாசிலாமணி.

"குமிழி. பரம ஏழைங்க, பெரியவரே. இந்த மணல்ல அதுங்களுக்கு வேற என்ன இருக்குது? நாவல் இலைதான் சோறு. அதை வெச்சுக்கிட்டு, மேலேருந்து வர்ற விஷத்தை ஒவ்வொரு நாளும் வாங்கி ஊதித் தள்ளிட்டு இருந்ததுங்க. நீங்க சோத்தையும் எடுத்தீங்க. ஆளுங்களையும் எடுத்தீங்க."

"காய்ச்சிக் குடுத்தேனே, சாமி."

கரிச்சாமி அண்டாவின் அடியைக் காட்டினார்.

மாசிலாமணி அதைப் பார்த்தார். காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர்தான் போயிருக்கிறது. தானும் பாதியாகச் சுண்டினது, கால்வாசியாகச் சுண்டினது, எல்லாம் கண் முன்னால் வந்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க தெருவுல கைக்குழந்தைக்கு அந்தக் கிணத்துத் தண்ணி குடுக்க மாட்டாங்க," என்றார் கரிச்சாமி. "பெரியவங்க குடிப்பாங்க, ஒண்ணும் ஆகாது. குழந்தைக்கு மட்டும் அடுத்த ஊர்லேருந்து வரும்."

மாசிலாமணி கையை வெளியே எடுத்து விரித்தார்.

"அன்னிக்கு என் கையில சேத்தை வெச்சு மூடினீங்க."

"ம்."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"பத்திரமா வெச்சுக்கோங்கன்னு."

"வாயால சொல்லியிருக்கலாமே, சாமி."

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

கரிச்சாமி தன் விரல் கொப்புளத்தைப் பார்த்தார்.

"சொன்னா சாதாரணமா இருந்திருக்கும்."

*

மறுநாளே மாடுகளைச் சுனைக்குக் கீழே இறக்கிக் கட்டினார்கள். மாசிலாமணி கீரைப் பாத்தியிலிருந்த மண்ணைக் கூடையில் அள்ளிக்கொண்டு சுனைக்கரைக்கு வந்தார்.

"போட்டா பழையபடி ஆயிடுமா?"

"வெயில்ல காஞ்ச சேறு வெறும் மண்ணு," என்றார் கரிச்சாமி. "இலை விழணும். அழுகணும். அதுங்க வந்து குடியேறணும்."

"எவ்வளவு காலம்?"

"உங்களுக்கும் எனக்கும் இருக்கிறதைவிட அதிகம்."

மாசிலாமணி கூடையை அப்படியே கவிழ்த்தார். பிறகு குட்டையை நோக்கி நடந்தார்.

நாள் தவறாமல் நடந்தார். மூங்கில் சுமந்தார். அவர் பிளந்தது சரியில்லை என்று குஞ்சம்மா ஏசினாள். வேட்டியில் சேறு ஏறியது. குழந்தையைப் பார்க்க அவள் விட்ட அளவுக்குப் பார்த்துவிட்டு வந்தார். முதலில் காது மடலில் நீலம் விட்டது. பிறகு நகத்தில். ஒருநாள் அவள் தூளியை விலக்கிக் காட்டினாள்.

"செவந்துட்டான். கத்தவும் கத்தறான். எடுத்துட்டுப் போங்க, ஆனா பாலுக்கு இங்கேதான் கொண்டு வரணும். சுத்தம் அது இதுன்னு ஏதாவது ஆரம்பிச்சீங்க, அரிவாள் இருக்குது."

சிலம்பாயிக்குக் காய்ச்சல் விட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். இளையவனை மடியில் வைத்தார்கள். அவன் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். கால் விரல்களையும் பார்த்தாள்.

பிறகு தலை நிமிர்ந்தாள். எதிரே குரு நின்றிருந்தார்.

"மூத்தவன் எதனால போனான், சாமி?"

பொன்னுரங்கம் கரண்டியோடு வாசலில் நின்றுவிட்டான்.

கரிச்சாமியின் வலது கை மெல்ல உயர்ந்தது. விரல் கூரையை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. மாசிலாமணி அதைப் பார்த்தார். அந்த விரல் மட்டும் மேலே போய்ச் சேர்ந்துவிட்டால் போதும், இவள் கும்பிட்டுக்கொள்வாள். உரை தானாக எழுதப்பட்டுவிடும். தலையெழுத்து என்று பொழிப்புரை. அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. குருவுக்கும் நல்லது, தனக்கும் நல்லது.

மாசிலாமணி அந்த மணிக்கட்டைப் பிடித்தார். கீழே இறக்கினார். விடாமல் பிடித்துக்கொண்டார்.

"வாயால சொல்லுங்க, சாமி. நான் செஞ்சதையும் சேர்த்துச் சொல்லுங்க."

கரிச்சாமி சொன்னார். பழக்கமில்லாததால் தடுக்கித் தடுக்கிச் சொன்னார். தொழுவத்தைச் சொன்னார், மணலைச் சொன்னார், சேற்றில் இருந்த கூட்டத்தைச் சொன்னார், அதை எடுத்தவர் யார் என்று சொன்னார். ஒன்றையும் அழகாகச் சொல்லவில்லை.

சிலம்பாயி முழுக்கக் கேட்டாள். முடிந்ததும் மாசிலாமணியைப் பார்த்தாள்.

"நீங்க காய்ச்சித்தானே குடுத்தீங்க, அய்யா?"

"காய்ச்சித்தான் குடுத்தேன், தாயி. காய்ச்சினதுதான் இன்னும் மோசம்."

இளையவன் அவள் மடியில் காலை உதைத்தான். அவள் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தத் தண்ணி குழந்தைக்கு ஆகாதுன்னு," என்றாள், "இந்த மடத்துல முன்னாலயே யாருக்கும் தெரியாதா?"

"தெரியும்," என்றார் கரிச்சாமி. "எனக்கு."